ஆர்.சி. பள்ளியில் படிக்கும் மகள் வீட்டில் ஜெபம் சொல்கிறாள்... நான் என்ன செய்வது?

திண்டுக்கல் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஏழு வயது மகள், சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில், இங்கிலீஷ் மீடியம் பிரிவில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். குடும்பம் இந்து, பட்டியல் சாதி. மகள் இப்போதெல்லாம் சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போடுகிறாள், படுக்கப் போகும்போது ‘அருள் நிறைந்த மரியே’ சொல்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாட்டி விளக்கேற்றும்போது, “நான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் பாட்டி” என்றாளாம். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

போன வருடம் வரை கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மதத்தைக் கற்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் மற்ற பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவார்களாம். நன்னெறி எடுத்த ஆசிரியை ஓய்வு பெற்றதும் இந்த வருடம் எல்லோரையும் மறைக்கல்வியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். மாதத்தின் முதல் வெள்ளியன்று பள்ளி முழுவதும் பக்கத்திலுள்ள மாதா கோயிலுக்குப் பூசை காணப் போகிறது. பூ, வளையல் கூடாது. வீட்டுப்பாடம் முடிய இரவு எட்டு மணி ஆகிறது. அப்புறம், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி: “போன வாரம் ஜெபம் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை என்று மிஸ் ஒரு பீரியட் முழுக்க முட்டி போட வைத்தார்களாம்.”

அரசு சம்பளம் கொடுக்கும் பள்ளியில் ஜெபமே கூடாது என்கிறார் கணவர். போலீஸில் மதமாற்றப் புகார் கொடுக்கலாம் என்கிறார் கொழுந்தனார். சாதிச் சான்றிதழ் போய்விடும் என்று பயப்படுகிறார் மாமியார். “படிப்பு நன்றாக இருக்கிறது. ஏதாவது கேட்டால் டிசி கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பள்ளியை மாற்றிவிடலாமா?” என்று முடித்திருக்கிறார் அந்தத் தாய்.

முதலில் அந்த ஒரு வரி

சகோதரி, ஜெபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முட்டி போட வைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இது உடனே நிற்க வேண்டியது.

முட்டி போட வைப்பது நம் பள்ளிகளில் அவ்வளவு பழகிப்போன விஷயம். ‘அடிக்கவில்லையே’ என்று ஆசிரியர்களும் நினைக்கிறார்கள், ‘நாங்களும் போட்டிருக்கிறோம்’ என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், எதெல்லாம் உடல்ரீதியான தண்டனை என்று விளக்கும் இடத்தில், பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது, புத்தகப் பையைத் தலையில் சுமந்து நிற்க வைப்பது ஆகியவற்றோடு முட்டி போட வைப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. இந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் பள்ளிக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. அதற்கு வெகு முன்பே, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி உடல்ரீதியான தண்டனைக்கு அரசு தடை விதித்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பிக் கடிதம் எழுதாதீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025இல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு கேள்வி எழுப்பியது உண்மை. ஆனாலும் ‘எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை’ என்று பள்ளி ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். மாநில விதியைச் சொன்னால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவும் எல்லாப் பள்ளிக்கும் பொருந்துவதுதான். அதற்காக ஒரு பீரியட் முட்டி போட வைத்ததற்கு எடுத்த எடுப்பில் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியையிடம் நேரில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். மறுபடி நடந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

உங்கள் மகள் விஷயத்தில் தவறு இரண்டு மடங்கு. அவள் சொல்லியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாத ஒரு ஜெபத்தைச் சொல்லத் தெரியாததற்காக அந்தத் தண்டனை.

அந்தப் பள்ளியில் அவள் என்னதான் படிக்கிறாள்?

உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சைப் பார்த்தால், ஆர்.சி. பள்ளியில் பாடமே வேறு என்று ஒரு எண்ணம் இருப்பது போலத் தெரிகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி என்றால் பாடம் எல்லாப் பள்ளிக்கும் உள்ள அதே பாடம்தான். இரண்டாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்துப் புத்தகம் வரும். அரசுப் பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் அதே பாடநூல் கழகப் புத்தகம். மகளின் பையைத் திறந்து பாருங்கள், அந்தப் புத்தகங்களில் மதப் பாடம் என்று தனியாக எதுவும் இருக்காது.

மறைக்கல்வி வேறு. கத்தோலிக்கப் பிள்ளைகளை அவர்களுடைய விசுவாசத்தில் வளர்ப்பதற்காக நடப்பது அது. சிலுவை அடையாளம், ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’, ‘அருள் நிறைந்த மரியே’, பத்துக் கட்டளைகள், விவிலியக் கதைகள், பிறகு புதுநன்மை (பூசையில் முதன்முதலாக நற்கருணை) வாங்குவதற்கான தயாரிப்பு என்று படிப்படியாகப் போகும். அதற்குப் புத்தகம் தனி, தேர்வும் தனி. அந்த மதிப்பெண்ணுக்கும் உங்கள் மகளின் தேர்ச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. ‘ஜெபம் தெரியாவிட்டால் ஃபெயில் ஆக்கிவிடுவார்கள்’ என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நன்னெறி வகுப்பு மற்ற பிள்ளைகளுக்கானது. மாரல் சயின்ஸ், நீதிபோதனை என்று ஊருக்கு ஒரு பெயர். பொய் சொல்லாமல் இருப்பது, பகிர்ந்து சாப்பிடுவது, பெரியவர்களை மதிப்பது என்று கதை சொல்லி நடத்துவார்கள். ஒரு நல்ல ஆசிரியை கையில் அந்த வகுப்பு கிடைத்தால் பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். உங்கள் பள்ளியில் அதை நிறுத்தியது வேண்டுமென்றே செய்தது என்று நான் நினைக்கவில்லை. ஆள் இல்லை, ஒரு மிஸ்ஸிடம் எல்லோரையும் ஒப்படைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆள் பற்றாக்குறையைச் சொல்லி மற்ற மதத்துப் பிள்ளைகளை மறைக்கல்வியில் உட்கார வைக்க முடியாது. இதைத்தான் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டும்.

இவை போக, பள்ளியின் வருடமே கத்தோலிக்கத் திருநாட்களோடு பின்னிப் பிணைந்திருக்கும். ஜூன் இருதய ஆண்டவர் மாதம், செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள், அக்டோபர் ஜெபமாலை மாதம், டிசம்பரில் குடில். மகள் குடிலுக்கு வைக்கோல் எடுத்துப் போவதும், கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையர் வேடம் போடுவதும் பள்ளிக் கொண்டாட்டம். பூசையில் முட்டியிட்டு ஜெபம் சொல்வது வழிபாடு. சட்டம் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மகளுக்குப் பிடித்த நாடகத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள்.

வகுப்பறையில் அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டிருந்தீர்கள். சிஸ்டர்கள் பள்ளியை நாடி மற்ற மதத்துப் பெற்றோரும் வரிசையில் நிற்பது இந்தப் பழக்கங்களுக்காகத்தான்: மணி அடிக்கும் முன் வாசலுக்குள் இருப்பது, இரட்டைச் சடையும் ரிப்பனும், பெரியவர் வகுப்புக்குள் வந்தால் எழுந்து வணக்கம் சொல்வது, நாலு கோடு நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டாமல் இருப்பது, டைரியில் பெற்றோர் கையெழுத்து, ஒரு நாள் வராவிட்டாலும் லீவ் லெட்டர். நீங்களே மகளின் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை, ஏழு வயதுக்கு நல்லவை. தப்பு செய்த பிள்ளையைத் திருத்தச் சொல்வது நியாயம், அசிங்கப்படுத்துவது நியாயம் இல்லை. அந்தக் கோட்டை மட்டும் கவனியுங்கள்.

வீட்டுப்பாடம் வேறு கதை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எட்டு மணி வரை எழுதுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதே வருடம் மத்திய அரசு இந்த வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. பல பள்ளிகளில் பெற்றோரே ‘ஹோம் ஒர்க் கம்மியா இருக்கு’ என்று புகார் சொல்வதால்தான் இது நிற்கவில்லை. உங்கள் வகுப்பில் இன்னும் நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் குறையும். இதற்கு வக்கீல் தேவையில்லை.

பூ, வளையல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுதாக வர மாட்டேன். எல்லா மதத்துப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கும் சீருடை விதியை வைக்கப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் பூ வைப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொட்டு வேண்டாம் என்று சொன்னால் அது வேறு. அப்போது விதியை எழுத்தில் கேளுங்கள். ஒரு ஆசிரியையின் சொந்த விருப்பத்தைப் பள்ளி விதி என்று சொல்லிக்கொண்டிருப்பதும் உண்டு.

பள்ளியின் உரிமையும் உங்கள் உரிமையும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தலாம் என்கிறது. அந்தப் பள்ளியின் சுவரில் சிலுவை இருக்கும், காலையில் ஜெபம் இருக்கும், மறைக்கல்வி இருக்கும். எடுக்கச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

உங்கள் உரிமை 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதியுதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், அங்கே நடக்கும் மதப் போதனையில் கலந்துகொள்ளும்படியோ, அந்த நிறுவனத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ நடக்கும் வழிபாட்டுக்கு வரும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சம்மதம் இருந்தால் தவிர. மைனர் என்றால் அந்தச் சம்மதத்தைக் கொடுக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது காப்பாளர். ‘ஒட்டிய இடத்திலோ’ என்பதைக் கவனியுங்கள், பள்ளி வளாகத்தை ஒட்டிய மாதா கோயிலும் அதில் அடங்கும். இங்கிலீஷ் மீடியம் பிரிவுக்கு நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள் என்பதாலும் எதுவும் மாறாது. அங்கீகாரம் பெற்ற பள்ளி என்பதே போதும்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் இருந்தால் எடுத்துப் படியுங்கள், இல்லையென்றால் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். ‘பள்ளியின் சமய நிகழ்ச்சிகளில் என் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற மாதிரி ஒரு வரி அதில் இருக்கலாம். சேர்க்கை கிடைத்தால் போதும் என்று நாம் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். அப்படி ஒரு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், இனிமேல் அந்தச் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது இருக்கிறதா என்று தெரியாமல் சிஸ்டர் முன்னால் போய் உட்காராதீர்கள்.

டிசி பயத்துக்கு வருகிறேன். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் மத நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்றார்கள். பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால், வேற்று மத ஜெபத்துக்கு வாய் திறக்காத பிள்ளையை நீக்குவது நிற்காது. நடைமுறையில் பள்ளிகள் நேரடியாக டிசி கொடுப்பது அரிது. முகம் சுளிப்பது, பிள்ளையை ஓரமாக வைப்பது போன்றவைதான் நடக்கும். நீங்கள் கண்காணிக்க வேண்டியது அதை.

பள்ளியிடம் பேசப் போகும்போது அவர்களுடைய திருச்சபை சொல்வதையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமய விடுதலை பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு எந்தச் சமயக் கல்வி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு என்று ஒப்புக்கொள்கிறது. மனச்சாட்சிக்கு எதிராக யாரையும் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்கும்படி வற்புறுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 748ஆவது விதி. இன்னும் நேரடியாக, 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது: மற்ற மதத்து மாணவர்கள் மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்காதீர்கள், எல்லா மதத்தையும் மதியுங்கள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள் என்று. உங்கள் ஊர் சிஸ்டரிடம் சட்டப் பிரிவைவிட இது சீக்கிரம் எடுபடும்.

வீட்டில் சொன்ன மூன்று விஷயங்கள்

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. முழுக்க முழுக்க அரசு நிதியிலேயே நடக்கும் பள்ளியில்தான் மதப் போதனை அறவே கூடாது. உதவி பெறும் பள்ளி அதில் வராது. அங்கே மதப் போதனை இருக்கலாம், கட்டாயம்தான் கூடாது.

கொழுந்தனார் சொல்லும் போலீஸ் புகார் வேண்டாம். தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004லேயே விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியம், இங்கே மதமாற்றம் நடக்கவில்லை. ஞானஸ்நானம் என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. ஒரு மிஸ் செய்த தவறை மதமாற்றப் புகாராக ஆக்கினால், ஊர் இரண்டாகப் பிரிந்து, உங்கள் மகளின் பெயர் எல்லோர் வாயிலும் விழும். அவள் அந்த ஊரில்தான் வளர வேண்டும். உங்களுக்காகப் பேசுவதாக வரும் வெளியாட்கள் நாலு நாளில் போய்விடுவார்கள்.

மாமியாரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அதில் ஒரு காரணம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்குத்தான் பட்டியல் சாதித் தகுதி. ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவராகவே வாழ்ந்து, வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்ட ஒருவருக்கு அது கிடையாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி எப்படியோ அவர் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் ஆர்.சி. பள்ளியில் படிப்பதாலோ, அங்கே ஜெபம் கற்றுக்கொண்டதாலோ ஒரு பிள்ளையின் மதம் மாறிவிடாது. பள்ளிப் பதிவேட்டில் மதம், சாதி நீங்கள் சேர்க்கையின்போது கொடுத்தபடிதான் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போய்க் காட்டினால் அவருக்கும் தூக்கம் வரும்.

இனி என்ன வழிகள்

ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம். பல குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன, பிள்ளைகளும் பள்ளியில் மாதாவையும் வீட்டில் மாரியம்மனையும் கும்பிட்டு நன்றாகவே வளர்கிறார்கள். உங்கள் வீட்டில் அது முடியாது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. முட்டி போட வைத்த பிறகு சும்மா இருப்பதும் சரியில்லை.

முழு விலக்குக் கேட்கலாம். காலை ஜெபம் தொடங்கி எதிலும் வர மாட்டாள் என்று. உரிமை இருக்கிறது. ஆனால் தினமும் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, உங்கள் மகள் மட்டும் வராந்தாவில் தனியாக நிற்கும் காட்சியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஏழு வயதுக்கு அது தண்டனை போலவே இருக்கும்.

நான் சொல்வது நடுவில் ஒரு வழி. காலைக் கூட்டத்தில் எல்லோரோடும் நிற்கட்டும். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடட்டும், ஜெபத்தின்போது சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் அமைதியாக நிற்கட்டும். மறைக்கல்வி பீரியடில் அவளுக்கும் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கும் நன்னெறி வகுப்பைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் வெள்ளி பூசைக்குப் போகாத பிள்ளைகளை ஒரு ஆசிரியையின் பொறுப்பில் வகுப்பிலோ நூலகத்திலோ வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக விடுவது ஆபத்து என்பதால் ‘யார் பொறுப்பு’ என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதே மனநிலையில் வேறு பெற்றோர் இருந்தால் சேர்ந்து போங்கள். நாலைந்து பிள்ளைகள் என்றால் யாரும் தனிமைப்பட மாட்டார்கள், பள்ளிக்கும் ஏற்பாடு செய்வது எளிது.

பள்ளியை மாற்றுவது கடைசி வழி. தண்டனை தொடர்ந்தால், அல்லது கேள்வி கேட்டதற்காக மகளை ஒதுக்க ஆரம்பித்தால், தயங்காமல் மாற்றுங்கள். அதற்கு முன் வேண்டாம். தோழிகளும் பழகிய மிஸ்ஸும் இருக்கும் வகுப்பிலிருந்து நடு வருடத்தில் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால், ‘நான் ஜெபம் சொன்னதால்தான் இப்படி ஆனது’ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மகளிடம் எப்படிப் பேசுவது

இந்த வயதில் பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். ரைம்ஸ் சொல்வது போலத்தான் ஜெபமும். அவளுக்குப் பிடித்த மிஸ் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைப் பார்த்து இவளும் சொல்கிறாள். சிலுவை அடையாளம் போடும் கையைத் தட்டிவிடுவது, ‘மாதா நம்ம சாமி இல்லை’ என்று அதட்டுவது, இரண்டையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளியில் சொன்னால் பாராட்டு, வீட்டில் சொன்னால் திட்டு என்று ஆனால், அவள் இரண்டு இடத்திலும் மறைக்கக் கற்றுக்கொள்வாள். நாளைக்கு வகுப்பில் நிஜமாகவே மோசமாக ஏதாவது நடந்தால் உங்களிடம் சொல்ல மாட்டாள். முட்டி போட்டதை அவளாக வந்து உங்களிடம் சொன்னாள் இல்லையா, அந்த வழி அடைபடக் கூடாது.

‘உங்க ஸ்கூல்ல அப்படிக் கும்பிடுவாங்க, நம்ம வீட்டுல இப்படிக் கும்பிடுவோம். உனக்குத் தெரியாத ஜெபத்தைச் சொல்லலைன்னா தப்பு இல்லை. யாராவது முட்டி போடச் சொன்னா அம்மாகிட்ட வந்து சொல்லு’ என்று சொன்னால் போதும். விளக்கேற்றும்போது பாட்டி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தீப்பெட்டியை எடுத்துத் தரச் சொல்லட்டும். அவருக்குத் தெரிந்த அம்மன் கதைகளை அவரே சொல்லட்டும். ஒரு வேலை மட்டும் மகளிடம் கொடுக்காதீர்கள்: ‘மிஸ்கிட்ட நான் ஜெபம் சொல்ல மாட்டேன்னு சொல்லிடு.’ பெரியவர்கள் பேச வேண்டியதை ஏழு வயதுப் பிள்ளை வாயால் சொல்லி அனுப்பக் கூடாது.

பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம்

முதலில் தலைமை ஆசிரியை சிஸ்டரை நேரில் பாருங்கள். கணவரும் கூட வரட்டும், கொழுந்தனார் வேண்டாம். பேசி முடித்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய சிஸ்டர், வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தங்கள் பள்ளியின் கல்வியிலும் ஒழுங்கிலும் எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நாங்கள் இந்துக்கள். அரசியலமைப்புச் சட்டம் 28(3)இன்படி, மறைக்கல்வியிலும் பூசையிலும் எங்கள் மகள் கலந்துகொள்ள நாங்கள் சம்மதம் தரவில்லை; முன்பு தந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறோம். அந்த நேரத்தில் அவளுக்கு நன்னெறி வகுப்போ வேறு பயனுள்ள வேலையோ ஆசிரியரின் பொறுப்பில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஜெபம் சொல்லத் தெரியாததற்காக அவள் முட்டி போட வைக்கப்பட்டாள். இது மறுபடி நடக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.”

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஸ்ஸைப் பற்றிக் கோபமாக ஒரு வரி கூட வேண்டாம், மதமாற்றம் என்ற சொல்லே வேண்டாம். ஒரு நகல் பள்ளித் தாளாளருக்கு.

இரண்டு வாரம் பொறுங்கள். பதிலோ மாற்றமோ இல்லை என்றால் மறைமாவட்டத்தில் (ஆயரின் நிர்வாகப் பகுதியில்) பள்ளிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எழுதுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மகளை மறுபடி தண்டித்தாலோ அடித்தாலோ இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அன்றைக்கே பேசுங்கள்.

அடுத்த முதல் வெள்ளிக்கு முன்பே கடிதம் பள்ளிக்குப் போய்விட வேண்டும். உங்களிடம் இருக்கும் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை போடாமல் வந்து, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.